கிருமி பார்க்காத மாத்திரை

மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

இன்று காலை ஒரு கண்ணாடித் தட்டில் ஒரு புள்ளி இருந்தது. அதை முதலில் பார்த்தது நான்தான்.

இப்படித் தொடங்கினால் அம்மா திட்டுவாள். நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. நீ டி.பி. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாயா, கட்டில் ஜன்னல் பக்கமா, ராத்திரி இருமல் குறைந்திருக்கிறதா என்று அம்மா கேட்கிறாள். எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுது. மொத்தமாக "நல்லா இருக்கேன்" என்று எழுதினால் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

இனி புள்ளி. லேபில் நான் தட்டு கழுவுகிறவள் என்று உனக்குத் தெரியும். தட்டில் கூழ் ஊற்றி, அதன்மேல் கிருமியைப் பூசி, நடுவில் மருந்து ஊறிய சின்னக் காகிதப் பொட்டு ஒன்றை வைப்பார்கள். மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி மூடுபனி மாதிரி படர்ந்திருக்கும். பொட்டைச் சுற்றி மட்டும் தெளிவாக ஒரு வட்டம் இருக்கும். அங்கே மருந்து கிருமியைக் கொன்றுவிட்டது என்று அர்த்தம். (பயப்படாதே, உன் கிருமி இல்லை, இது யாருடைய புண்ணிலோ இருந்து எடுத்தது.) இன்று அந்த வட்டத்துக்குள்ளே ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி.

லேப் அக்காவிடம் கொண்டுபோனேன். தட்டை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் எழுதிக்கொண்டே, "என்ன, ஏலம் விடப் போறியா?" என்றார். பிறகு பார்த்தார், பேனாவை வைத்தார்.

கிருமி மருந்துக்குப் பழகிவிட்டதா என்று கேட்டேன். அங்கே சேர்ந்து நான் கேட்ட முதல் கேள்வி. "பழகிக்கிறதுக்கு அது என்ன மாமியார் வீடா?" என்றார். பழகவில்லையாம். கோடிக்கணக்கான கிருமியில் ஒன்று முன்பே அப்படித்தான் இருந்திருக்கும். மற்றவை செத்தன, இடம் காலியானது, இது பெருகியது. பரிணாமம் என்பது அவ்வளவுதானாம்.

பத்தாவதில் பரிணாமத்துக்கு நான் முழு மதிப்பெண் வாங்கினேன். வரிசையாக ஐந்து குரங்கு வரைந்து, கடைசியில் மனிதன். அந்தக் குரங்குகள் நிமிர வேண்டும் என்று முடிவு செய்து நிமிர்ந்தன என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். எழுதியது சரி, மார்க்கும் சரி, எனக்குத்தான் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


மார்ச் 19

சுண்டெலிக்கு,

தனித்தனிப் பதில்: வந்து சேர்ந்தேன். கட்டில் பதினொண்ணு, ஜன்னல் பக்கம். இருமல் இருக்கு, ஆனா முன்ன மாதிரி வீட்டையே தூக்கற இருமல் இல்ல. அம்மா முழங்காலுக்கு அந்தப் பச்சைத் தைலத்தைத் தேய்ச்சு விடு, அவளே தேய்ச்சுக்கிறேன்னு சொல்லுவா, விடாதே.

பக்கத்துக் கட்டில்ல ஒரு தையல்காரர். வார்டுல போறவன் வர்றவன் எல்லாரோட மார்பளவையும் கண்ணாலயே எடுத்துச் சொல்லிடுவார். போன மாசம் சொன்னது இந்த மாசம் பொருந்தாதாம், எல்லாரும் மெலிஞ்சுட்டே போறாங்க, இந்த ஊருல தையல் கடை வெச்சா திவால்தான்கிறார்.

டாக்டர் சின்ன வயசு. முதுகுல குழாயை வெச்சுக் கேக்கறப்போ நான் சொன்னேன், நானும் இஞ்சின்ல ஸ்க்ரூடிரைவரை வெச்சு அடுத்த முனையைக் காதுல வெச்சுத்தான் கோளாறு கண்டுபிடிப்பேன், நம்ம ரெண்டு பேர் பொழப்பும் ஒண்ணுதான்னு. சிரிச்சார். அப்புறம் டெஸ்ட் ரிசல்ட்டைப் படிச்சார், சிரிக்கல.

முன்ன வீட்டுல போட்ட சிவப்பு மாத்திரையும் வெள்ளை மாத்திரையும் இனி எனக்கு வேலை செய்யாதாம். மஞ்சள் மாத்திரைக்கு நம்பற மாதிரி டெஸ்ட் கிடையாதாம். அதுக்கு மாத்திரை போட்ட நாளைக் குறிச்ச அட்டையைத்தான் பார்க்கணுமாம். நம்ம அட்டையைப் பிரிச்சார். நூத்தியெண்பது நாள், நூத்தியெண்பது டிக். "ஆறு மாசம் ஒரு நாள் விடாம மஞ்சள் போட்டும் திரும்பி வந்திருக்கு, அப்போ மஞ்சளும் உதவாது"ன்னு ஒரு கோடு போட்டு அடிச்சுட்டார். அதுக்குப் பதிலா தினமும் ஒரு ஊசி. உக்கார முடியல, ஒரு பக்கமா சாய்ஞ்சு எழுதறேன், கையெழுத்தைக் கிண்டல் பண்ணாதே.

இப்படி ஒரு அட்டையைப் பார்த்ததே இல்ல, யார் எழுதினதுன்னு கேட்டார். தங்கச்சின்னேன். பாராட்டச் சொன்னார். பாராட்டிட்டேன்.

ரெண்டு நாளா காதுக்குள்ள ஒரு வண்டு கத்துது. இங்க பூச்சி ஜாஸ்தி.

அண்ணன்


மார்ச் 30

அன்புள்ள அண்ணா,

நீ சாப்பிடுகிறாய், தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். தைலம் தேய்த்தேன். அம்மா கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொண்டாள், பிறகு விட்டுவிட்டாள்.

அந்தப் புள்ளியைத் தொட்டு எடுத்துப் புதுத் தட்டில் பூசினார்கள். அதே மருந்தை வைத்தார்கள். வட்டமே வரவில்லை.

எனக்கு லேபில் ஒரு புது வேலை. கிருமி வளர்க்கிற சூட்டுப் பெட்டி எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று காலையும் மாலையும் தாளில் எழுத வேண்டும். எழுத்து சுத்தமாக இருக்கிறது என்று கொடுத்தார்கள். நம் அட்டையைப் பார்த்துத்தானே இந்த வேலைக்கே என்னைக் கூப்பிட்டார்கள். அது இன்னும் இங்கே கீழ்மாடி கிளினிக் சுவரில், மற்ற நோயாளிகளுக்கு மாதிரியாக, கண்ணாடிக்குள் இருக்கிறது. உன் கையில் உள்ளது நகல்.

எனக்கு முன்னால் அந்தத் தாளை எழுதியவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று அக்கா அவருடைய பழைய தாளைக் காட்டினார். முப்பத்தேழு, முப்பத்தேழு, முப்பத்தேழு, மாதம் முழுக்க. பகல் முழுக்கக் கரண்ட் இல்லாத நாளிலும் முப்பத்தேழு. "நிஜமான தாள் இப்படி அழகா இருக்காது. ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும், ஒரு நாள் மறந்து போயிருக்கும்" என்றார். அப்புறம் அவருக்கே சொல்லிக்கொள்வது போல, "இந்தத் தாளை நம்பித்தான் நான் கையெழுத்துப் போடறேன். இது பொய்யின்னா, எனக்குத் தெரியும்னு நான் சொன்ன எதுவுமே எனக்குத் தெரியாது" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கூச்சம் என்று நினைத்திருப்பார்.

நம் அட்டையில் ஒரு நாள் கூட விட்டுப்போகவில்லை. ஒரே மை தெரியக் கூடாது என்று மூன்று பேனாவை மாற்றி மாற்றி டிக் போட்டேன். அந்தப் புத்தியை எனக்கு யார் கொடுத்தது என்று தெரியவில்லை.

அண்ணா, மஞ்சள் மாத்திரையை நீ எத்தனை நாள் போட்டாய்? ஐந்து நாள் என்றுதான் எனக்கு ஞாபகம்.

பதில் எதிர்பார்த்திருக்கும்

தங்கை


ஏப்ரல் 27

சுண்டெலி,

பதில் லேட்டாயிடுச்சு. தபால்தலை தீர்ந்துடுச்சுன்னு வெச்சுக்கோ. எடை அரைக் கிலோ ஏறியிருக்கு, அம்மாகிட்ட ஒரு கிலோன்னு சொல்லு. தினம் முட்டை, பால், ரொட்டி. முட்டையைப் பார்த்தாலே இப்ப கோழி மேல கோபம் வருது.

கேட்டதுக்குப் பதில்: ஞாபகமில்ல.

போனது போகட்டும். அட்டை பத்தி லெட்டர்ல எழுதாதே. கவர் எல்லாம் நர்ஸ் டேபிள் வழியாத்தான் வருது.

காதுல இருந்த வண்டு போயிடுச்சு. இப்ப இங்க ரொம்ப அமைதி. தையல்காரர் குறட்டை விட்டாக்கூட நான் எந்திரிக்கறதில்ல. நீ அடுத்த தடவை லேப்ல வேற என்ன நடந்துச்சுன்னு எழுது, படிக்க நல்லா இருக்கு.

அண்ணன்


மே 6

அன்புள்ள அண்ணா,

கவரின் ஓரங்களை இரண்டு தடவை பசை போட்டு ஒட்டியிருக்கிறேன்.

அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம் என்று எழுதினால் முழுப் பொய்யாகாது. ஞாயிற்றுக்கிழமை அம்மா ஃபோன் பூத்துக்குப் போய் உன் வார்டுக்குக் கூப்பிட்டாள். உனக்கு வர விருப்பமில்லை என்று அங்கிருந்து சொன்னார்களாம். திரும்பி வந்து, "நடக்க முடியலையோ என்னவோ" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணி மடித்தாள்.

நீ அட்டையைப் பற்றி எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒரு தடவை எழுதிவிடுகிறேன்.

மஞ்சள் உன் குடலைப் புரட்டியது. இஞ்சின் மேல் குனிந்தாலே வாந்தி என்றாய். ஆறாம் நாளிலிருந்து அதைத் தனியே எடுத்து என் கையில் கொடுத்தாய், நான் சாக்கடையில் போட்டேன். சிவப்பும் வெள்ளையும் இரண்டு மாதம் ஒழுங்காகப் போட்டாய். அப்புறம் உன் கன்னம் உப்பியது, கார் இஞ்சினை இன்னொருவரோடு சேர்ந்து தூக்கினாய். "எனக்கு நல்லாயிடுச்சுடி, என் உடம்பு எனக்குத் தெரியாதா" என்றாய். எனக்கும் தெரியும் என்றுதான் இருந்தது. கண் முன்னாலேயே நீ நல்லா இருந்தாய். அதற்குமேல் என்ன வேண்டும்? அதன்பிறகு இருமல் வந்த நாளில் மட்டும் மாத்திரை. டிக் மட்டும் தினமும்.

இப்போது அந்தத் தட்டு என் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. இரண்டு மாதத்தில் உனக்குள் எல்லாம் செத்திருக்கும், சில புள்ளிகள் மட்டும் மிஞ்சியிருக்கும். நாம் நிறுத்தி நிறுத்திக் கொடுத்து, மிஞ்சியதற்கு இடம் விட்டோம்.

ஆனால் அண்ணா, சிவப்புக்கும் வெள்ளைக்கும்தான் அப்படி. மஞ்சள் மாத்திரையை உன் கிருமி பார்த்ததே இல்லை. ஐந்து நாள் பார்த்ததெல்லாம் ஒரு பார்வையா? டாக்டர் அதை அடித்தது உன்னைப் பார்த்து இல்லை, என் டிக்கைப் பார்த்து.

அந்த ஊசியைப் பற்றி, யாருக்கோ போல, லேப் அக்காவிடம் கேட்டேன். நல்ல மருந்துதான், ஆனா சிலருக்குக் காதைக் கெடுக்கும், பார்த்துக்கணும் என்றார். உன் காது எப்படி இருக்கிறது?

நான் டாக்டருக்கு உண்மையை எழுதிவிடட்டுமா? நீ சரி என்று ஒரு வரி போடு போதும்.

தங்கை


மே 15

ஏய்,

எழுதாதே.

காது ஜோரா இருக்கு. யானை நடந்தாலும் கேக்கும், எறும்பு நடந்தாலும் கேக்கும்.

நல்லா யோசிச்சுப் பாரு. டிக் போட்டது உன் கை. டாக்டருக்குத் தெரிஞ்சா அது உன் ஆஸ்பத்திரிக்கு வரும், லேபுக்கு வரும். பொய்யா எழுதின பொண்ணைத் தாள் பக்கம் விடுவாங்களா? எனக்காகத்தான் நீ பள்ளிக்கூடத்துல இருந்து நின்னே. அந்த லேப் அக்கா உன்னைத் தனியாப் பரீட்சை எழுத வெச்சு டெக்னீஷியன் ஆக்கறேன்னு சொன்னதா போன வருஷம் குதிச்சே. ஒரு தடவை உன் படிப்பைத் தின்னது போதும். ரெண்டாந்தடவை என்னால முடியாது.

நான் சொல்லித்தான் நீ செஞ்சே. நான் சொல்றேன், பேசாம இரு. ஊசி இன்னும் கொஞ்ச நாள்தான். முடிஞ்சா வந்துடுவேன்.

அம்மாவுக்கு என் அன்பு. ஃபோன் இருக்கிற இடம் தூரம், அதான் வரலேன்னு சொல்லு.

அண்ணன்


மே 24

அன்புள்ள அண்ணா,

உன் சொல்லை மீறவில்லை. யாருக்கும் எழுதவில்லை.

அம்மா உன் நீலச் சட்டைக்குப் பொத்தான் தைத்து வைத்திருக்கிறாள். உன் பட்டறை முதலாளி நேற்று வழியில் நிறுத்தினார். ஒரு வண்டி வந்திருக்கிறதாம், மேடேறும்போது மட்டும் எங்கிருந்தோ ஒரு கீச்சொலி. மூன்று பேர் பார்த்தும் பிடிபடவில்லை. "உங்கண்ணன் இருந்தா ஒரு நிமிஷம் காதை வெச்சுட்டு, 'இந்தா இங்க'ன்னு சொல்லியிருப்பான்" என்றார். சொல்லிவிடுகிறேன் என்று ஓடிவந்துவிட்டேன்.

மருந்து இல்லாமல் கிருமியும் இல்லாமல் வெறும் கூழ் மட்டும் உள்ள ஒரு தட்டையும் தினமும் மற்றவற்றோடு பெட்டியில் வைப்பார்கள். அதில் ஒன்றும் முளைக்கக் கூடாது. முளைத்தால் அன்றைக்குப் பார்த்த எதையும் நம்ப முடியாது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு அந்த வெறும் தட்டைப் பிடிக்கிறது.

ஒரே ஒரு விஷயம் கேட்கிறேன், அட்டையைப் பற்றி இல்லை. இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது ஜன்னலுக்கு வெளியே என்ன சத்தம் கேட்கிறது? ஒன்றே ஒன்றை எழுது.

தங்கை


ஜூன் 20

மகள் வயதுள்ள பெண்ணுக்கு, கட்டில் எண் பன்னிரண்டிலிருந்து எழுதுவது. நீயும் உன் தாயாரும் சுகமாக இருக்க வேண்டும்.

நான் தையல்காரன். உன் அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். கவரில் இருந்த விலாசத்தைப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

தம்பிக்குக் காது கேட்கவில்லை. முதலில் இரைச்சல் என்றார், பிறகு இடது காது, பிறகு வலது காது. இப்போது பக்கத்தில் வந்து கத்தினால் கொஞ்சம் கேட்கிறது. டாக்டரிடம் சொல்லச் சொன்னேன். சொன்னால் ஊசியை நிறுத்துவார்கள், நிறுத்தினால் எனக்கு வேறு மருந்து கிடையாது என்கிறார். டாக்டர் கேட்கும்போது உதட்டைப் பார்த்துத் தலையாட்டிவிடுகிறார். ஆள் கெட்டிக்காரர், பிடிகொடுக்க மாட்டேன் என்கிறார்.

உன் கடிதம் வந்த அன்றைக்கு என்னிடம் வந்து, வெளியில் என்னென்ன சத்தம் கேட்கிறது என்று கேட்டார். நானும் வேடிக்கையாக நினைத்துச் சொன்னேன். தண்ணீர் மோட்டார் ஓடுகிறது, தூரத்தில் யாரோ பலகைக்கு ஆணி அடிக்கிறார்கள், ஒரு காக்கை. அவர் அதைத் தாளில் எழுதினார். மோட்டார் எப்படி ஓடுகிறது, தடதடவென்றா, சீராகவா என்று மறுபடியும் கேட்டார். சீராக என்றேன். அதையும் எழுதினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கிழித்துவிட்டார். மறுநாளும் எழுதினார், மறுநாளும் கிழித்தார். அதனால்தான் உனக்குப் பதில் வரவில்லை.

உங்களுக்குள் என்ன என்று எனக்குத் தெரியாது. எழுதாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. தாயாரிடம் பார்த்துச் சொல்.


ஜூலை 1

அண்ணா,

இதை உன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பி, கண்ணை மூடிப் படுத்திருக்கிறாய். மூன்று தடவை கூப்பிட்டேன். வார்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூட அவ்வளவு சத்தமாகக் கூப்பிட வரும் என்று இன்றுதான் தெரிந்தது.

தையல்காரர் மேல் கோபப்படாதே. என் தோள் அளவை இப்போதே சொல்லிவிட்டார்.

உன் சொல்லை மீறிவிட்டேன். முந்தாநாள் லேப் அக்காவிடம் சொன்னேன். வாயால் சொல்ல வராது என்று எழுதிக்கொண்டு போயிருந்தேன், அவர் தாளை வாங்கவில்லை, சொல்லு என்றார். சொன்னேன். அவர் கீழே போய் சுவரிலிருந்த அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு டிக்காக விரல் வைத்துப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சூட்டுப் பெட்டித் தாளை என் மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டார். "இனிமே நீ பாட்டில் மட்டும் கழுவு" என்றார். பரீட்சையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அட்டையை மட்டும் என்னிடம் கொடுத்து, டாக்டரிடம் நீயே கொண்டுபோய்க் கொடு என்றார்.

அம்மாவிடமும் சொன்னேன். காதைப் பற்றி மட்டும், "அவனுக்குக் கேக்காட்டி என்ன, அவன் பேசினா நமக்குக் கேக்கும்ல" என்றாள். நீலச் சட்டை பையில் இருக்கிறது.

காலையில் டாக்டரைப் பார்த்தேன். உன்னைப் போல ஆளை மடக்கிச் சிரிக்க வைக்க எனக்குத் தெரியாது. அட்டையை மேஜையில் வைத்து, இது பொய், நான் எழுதியது என்றேன். அவர் உடனே உன் கட்டிலுக்கு வந்து உன் காதருகே சொடுக்குப் போட்டார், உனக்கு ஞாபகம் இருக்கும், ஏன் என்று உனக்குத் தெரிந்திருக்காது. நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். நீ அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாய்.

திரும்பிப் போய் ஒரு புது அட்டையைக் கொடுத்து, எந்த நாள் எந்த மாத்திரை என்று ஞாபகம் இருக்கிற வரைக்கும் எழுதச் சொன்னார். ஞாபகம் இல்லாத கட்டத்தை வெறுமனே விடச் சொன்னார். நூற்றியெண்பதில் அறுபத்தெட்டுதான் நிரம்பியது. மஞ்சளுக்கு ஐந்து.

ஊசி இன்றோடு நிறுத்தம். நாளையிலிருந்து மஞ்சள் மாத்திரை, வாந்திக்கும் சேர்த்து ஒன்று தருவார்கள். போன காது திரும்புமா என்று கேட்டேன். திரும்பாது என்றார். மிச்சம் இருப்பது நிற்குமா என்றேன். தெரியாது என்றார். மஞ்சள் கேட்குமா என்றேன். அதற்கும் தெரியாது, மூன்று மாதம் போட்டுச் சளியைச் சோதித்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். கேட்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆனாலும் அவரை எனக்குப் பிடித்தது.

நான் டிக் போட்டிருக்காவிட்டால் மார்ச்சிலேயே மஞ்சளைக் கொடுத்திருப்பார்கள். ஊசியே போட்டிருக்க மாட்டார்கள். இதை நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும், வேறு யாரும் சொல்லக் கூடாது. நீ சொல்லித்தான் செய்தேன் என்று நீ எழுதியிருந்தாய். நீ சொன்னாய், நான் போட்டேன், இரண்டும்தான்.

வெளியே மோட்டார் ஓடுகிறது. தையல்காரர் சொன்னது தப்பு, அது சீராக ஓடவில்லை. நடுநடுவே ஒரு தட்டல் வருகிறது, உலோகத்தில் உலோகம் படுகிற மாதிரி. அது என்ன கோளாறு என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும்.

தாள் முடிந்துவிட்டது. இதை மடித்து உன் கையில் வைக்கிறேன். வைத்துவிட்டு உன் தோளைத் தொடுகிறேன்.